விசில்காரர் தாய்ச்சி கற்றார்

குவாங்ஃபூ,
தெற்கு வாசல் தெரு,
செவ்வாய்க்கிழமை காலை.

மதிப்புக்கும் பாசத்துக்கும் உரிய மைத்துனன் கெங் வெய்மினுக்கு,

உன் அக்காள் கணவன் லியன் பாவ்சாய் எழுதிக்கொண்டது. இங்கே நானும், வீடும், ஜன்னல் ஓரத்துப் பூண்டு ஊறுகாய் ஜாடியும் அவரவர் இடத்தில் அசையாமல் இருக்கிறோம். அங்கே நீயும் உன் மனைவியும் உன் ரத்தக் கொதிப்பும் கட்டுக்குள் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். எழுத்து கோணலாக இருக்கிறதே என்று உடனே சிவப்புப் பேனாவை எடுக்காதே. நீ பள்ளிக்கூட வாத்தியார் என்பது எனக்கு மறக்கவில்லை. தாய்ச்சி என்ற இந்த மெதுவான சண்டைக் கலையைப் பழகிப் பழகி என் மணிக்கட்டு தளர்ந்துவிட்டது, அவ்வளவுதான். காகிதத்தில் வினிகர் வாசனை அடித்தால், நான் சமையலறை மேசையில் உட்கார்ந்து எழுதுகிறேன் என்று புரிந்துகொள். கடிதம் நினைத்ததைவிடச் சீக்கிரம் கைக்கு வந்தால் தபால்காரரைப் பாராட்டு, காரணத்தைத் துருவாதே.

நீ மூன்று வரியில் செய்தி அனுப்பியிருந்தாய். 'அக்காவுக்கு வியாழக்கிழமை காலை முழங்கால் ஆபரேஷன். படிவத்தில் வீட்டுக்காரர் கையெழுத்துப் போட வேண்டும். வருகிறீர்களா, நான் போட்டுவிடட்டுமா?' மூன்று வரிக்கு மூன்று வரியில் பதில் சொல்லக்கூடிய விஷயமா இது? நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன். உன் அக்கா அவள் பக்கத்தைச் சொல்லியிருப்பாள். அதைப் பாதியாகக் குறைத்துக்கொள். என்னுடையதையும் பாதியாகக் குறைத்துக்கொள். மிச்சம் கிட்டத்தட்டச் சரியாக இருக்கும்.

எல்லாம் நான் ஓய்வு பெற்றதில் ஆரம்பித்தது. முப்பத்தோரு வருடம் இந்த ஊர்ப் பேருந்து நிலையத்தில் நேரக் காப்பாளராக இருந்தவனுக்கு வழியனுப்பு விழாவில் ஒரு வெந்நீர்க் குடுவையும் என்னுடைய பழைய விசிலையும் கொடுத்து அனுப்பினார்கள். குடுவையை உன் அக்கா வாங்கி வைத்துக்கொண்டாள், விசில் என்னிடம் தங்கிவிட்டது. எங்கள் நிலையத்து முறை உனக்குத் தெரியும். இரண்டு குட்டை விசில் என்றால் வண்டி கிளம்புகிறது, ஏறாதவர் ஏறாதவர்தான். ஒரு நீள விசில் என்றால் வண்டி வந்து நின்றுவிட்டது, மூட்டை முடிச்சை எடுத்துக்கொண்டு நிதானமாக இறங்கலாம். பழக்கம் எங்கே போகும்? காலை ஆறு மணிக்குத் தினைக் கஞ்சி மேசைக்கு வரவில்லை என்றால் இரண்டு குட்டை விசில் அடித்தேன். அவள் குளியலறையில் ஏழு நிமிடத்துக்கு மேல் இருந்தால் இரண்டு குட்டை விசில் அடித்தேன். பதினோராம் நாள் அவள் கரண்டியோடு வந்து நின்றாள்.

"யோவ் விசிலு! இது வீடா, டிப்போவா? முப்பது வருஷம் பஞ்சாலையில தறிச் சத்தத்துக்கே தப்பிச்ச காது, உன் விசிலால செவிடாகணுமா? இந்த ஊர்ல கசாப்புக்காரன் தாய்ச்சி பண்றான், போலீஸ்காரன் பண்றான், பல்லு வைத்தியன் பண்றான். இங்கேயே பொறந்து இங்கேயே வளந்து ஒரு கையைக்கூட ஒழுங்காத் தூக்கத் தெரியாத ஒரே ஆளு நீதான். போ, போய் மெதுவா இருக்கக் கத்துக்கிட்டு வா!"

மெதுவாக இருக்கக் கற்றுக்கொள்ளச் சொன்னது உன் அக்கா. தயவுசெய்து இந்த இடத்தில் அடிக்கோடு போட்டுக்கொள், இதற்குச் சிவப்புப் பேனா உபயோகிக்கலாம்.

மறுநாள் விடியற்காலையில் தெற்கு வாசலுக்கு வெளியே அகழிக் கரைக்குப் போனேன். அங்கே மரத்தடியில் யான் லிபிங் என்பவள் யாங் என்ற பாணித் தாய்ச்சி சொல்லித் தருகிறாள், அவள் அப்பா வழியாக வந்த பழைய நீள முறை, நூற்றெட்டு அசைவு. வயது நாற்பத்து நான்கு. மற்ற நேரத்தில் சந்துக்குள் சோயாத் தோஃபு விற்கிறாள். என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"நீங்க அந்த ஆறரை மணி வண்டி விசில் அண்ணன்தானே?"

ஊரில் இன்னும் பெயர் இருக்கிறதே என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை. "ஆமாம்மா" என்றேன்.

"ஒன்பதாவது படிக்கிறப்ப வாரத்துக்கு மூணு நாளாவது அந்த வண்டிக்கு ஓடி வருவேன். பத்தடி தூரத்துல இருப்பேன். நீங்க என்னைப் பார்த்துக்கிட்டே ரெண்டு விசில் அடிப்பீங்க."

"நேரம்னா நேரம்தானே டீச்சர்" என்றேன்.

"சரியாச் சொன்னீங்க. இப்ப ஒரு மரத்தைக் கட்டிப் பிடிச்சிருக்கிற மாதிரி கையை வட்டமா வெச்சுக்கிட்டு நில்லுங்க. நேரம் நான் சொல்றேன்" என்று என் கைக்கடிகாரத்தைக் கழற்றி வாங்கித் தன் மேலங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

அன்று எவ்வளவு நேரம் நின்றேன் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அவள் கடைக்குப் போய் இரண்டு தட்டுத் தோஃபுவை விற்று முடித்துவிட்டுத் திரும்பி வந்தாள் என்பது மட்டும் தெரியும். தொடை நடுங்கியது, தோள் எரிந்தது, மூக்கு அரித்தது. மூக்கைச் சொறியலாமா என்று கேட்டதற்கு, "அரிக்கிறதைக் கவனிங்க, அதுவே போயிரும்" என்றாள். போகவில்லை. இதற்குப் பெயர் அடிப்படையாம். ஒரு மாதம் முழுக்க அடிப்படைதான். நான்காம் நாளோ ஐந்தாம் நாளோ, வெளியூரிலிருந்து ஒரே நிறத் தொப்பி போட்ட சுற்றுலாக் கும்பல் ஒன்று வந்தது. வழிகாட்டிப் பெண் என்னைச் சுட்டி, "இப்படிப் பல மணி நேரம் அசையாமல் நிற்கும் பெரியவர்களை இந்த ஊரில்தான் பார்க்கலாம்" என்று சொன்னாள். அசைய முடியாமல் நிற்கிறேன் என்று அவளுக்கு எப்படிச் சொல்வது? ஒரு கிழவர் பக்கத்தில் வந்து, "ஐயா, எத்தனை வருஷப் பயிற்சி?" என்று பணிவாகக் கேட்டார். வாயைத் திறந்தால் விழுந்துவிடுவேன் என்ற பயத்தில் நான் பேசவில்லை. அவர் இரண்டு கையையும் கூப்பிக் குனிந்து வணங்கிவிட்டு, "பார்த்தீங்களா, கேள்விக்கு மௌனம்தான் பதில்" என்று மற்றவர்களுக்கு விளக்கினார். அவர் பின்னால் பதினேழு பேர் வணங்கினார்கள். வீட்டுக்கு வந்து சொன்னால் உன் அக்கா சிரித்த சிரிப்பில் கஞ்சி பொங்கி அடுப்பு அணைந்தது.

அதற்கப்புறம் தத்துவங்கள் ஆரம்பமாயின. தலை உச்சியில் ஒரு நூல் கட்டி வானத்திலிருந்து யாரோ பிடித்திருப்பதுபோல நிமிர்ந்திருக்க வேண்டும் என்றாள் டீச்சர். வானத்திலிருந்து பிடிக்க எனக்கு ஆள் இல்லை. ஆகவே பால்கனியில் துணி உலர்த்த ஏற்றி இறக்கும் கம்பியிலிருந்து ஒரு நூலைத் தொங்கவிட்டு என் கம்பளித் தொப்பியோடு சேர்த்துத் தைத்துக்கொண்டு, நாடாவைத் தாடைக்குக் கீழே இறுக்கிக் கட்டிப் பழகினேன். நிமிர்வு நன்றாகத்தான் வந்தது. உன் அக்கா உள்ளேயிருந்து கைப்பிடியைச் சுற்றிக் கம்பியை மேலே ஏற்றினாள். ஈரப் போர்வையோடு சேர்ந்து நானும் குதிகாலை விட்டு எழும்பினேன். எதிர் வீட்டு முடிதிருத்துபவர் பாங் அதைப் பார்த்துவிட்டு, "அண்ணே, ஒரே வாரத்துல இவ்வளவு முன்னேற்றமா!" என்று கத்தினார். அடுத்தது தோளைத் தளர்த்து, முழங்கையைத் தொங்கவிடு என்ற தத்துவம். தளர்த்தினேன், கையிலிருந்த நூடுல்ஸ் கிண்ணம் தரையில் விழுந்தது. பிறகு அடி வைக்கும் தத்துவம். ஒரு கால் முழுக்கக் காலியான பிறகுதான் எடுக்க வேண்டும், மற்றக் கால் முழுக்க நிறைந்த பிறகுதான் வைக்க வேண்டும். அப்படிக் காலியாக்கி நிறைத்துக்கொண்டே சந்தைத் தெருவைக் கடந்தபோது எனக்கு இரண்டு பக்கமும் பதினொரு மூன்று சக்கர வண்டிகள் நின்றன. "பெரியவரே, நீங்க போறீங்களா வர்றீங்களா?" என்று முட்டைக்கோஸ் வண்டிக்காரன் கேட்டான். உன் அக்கா டம்ப்ளிங் வேகவைத்துவிட்டு வினிகர் வாங்கிவர அனுப்பியிருந்தாள். நான் திரும்பியபோது டம்ப்ளிங் ஒன்றோடொன்று ஒட்டி ஆறிக் கட்டியாகியிருந்தது. ஆறரை மணி வண்டியை ஒரு நொடி தாமதிக்காமல் அனுப்பிய மனிதன் நான் என்று எனக்கே நம்பிக்கை வரவில்லை.

இந்த நாட்களில்தான் அவள் வலது முழங்கால் வீங்க ஆரம்பித்தது. எனக்குத் தெரிந்த வைத்தியத்தைச் சொன்னேன். "ஷியூஜென், என்னோட வா. அரை மணி நேரம் நின்னா முட்டி பலப்படும்" என்றேன்.

"முப்பது வருஷம் ஆறு தறிக்கு நடுவுல நின்னு தேஞ்ச முட்டி இது. எனக்கு நிக்கச் சொல்லித் தர்றியா நீ? நீ அங்க மரத்தைக் கட்டிக்கிட்டு நில்லு, நான் இங்க உக்காந்து பீன்ஸ் உரிக்கிறேன், வீட்டுக்கு ஒரு ஆளு நின்னாப் போதும்" என்றாள்.

வெய்மின், நீ எங்களோடு ஒரு வாரம் சேர்ந்தாற்போல் தங்கியதில்லை. அதனால் உனக்கு ஒரு விஷயத்தைச் சொல்ல வேண்டும். நானும் உன் அக்காவும் முப்பத்தாறு வருடமாகத் தினம் சண்டை போடுகிறோம். பூண்டு ஜாடி ஜன்னலில் இருக்க வேண்டும் என்பாள் அவள், அலமாரிக்குள் இருக்க வேண்டும் என்பேன் நான். சூரியகாந்தி விதைத் தோலை நாற்காலியில் துப்புகிறேன் என்பாள், அவள் தலைமுடி சீப்பில் இருக்கிறது என்பேன். காலை எட்டரைக்கு ஆரம்பித்து ஒன்பதுக்கு முடியும். பாங் அதைக் கேட்டுத்தான் கடை திறக்கப் போவார். இதில் யாருக்கும் காயம் பட்டதில்லை. சண்டை முடிந்ததும் அவள் தேநீர் போடுவாள், நான் பீன்ஸ் உரிப்பேன்.

ஆறாவது மாதத்தில் கை தள்ளல் என்ற பயிற்சி வந்தது. இருவர் எதிரெதிரே நின்று மணிக்கட்டோடு மணிக்கட்டு சேர்த்து மாறி மாறித் தள்ள வேண்டும். வரும் வேகத்தை எதிர்க்காதே, இடுப்பைத் திருப்பி அதை வழியனுப்பு என்றாள் டீச்சர். இதைக் கேட்டதும் எனக்கு ஞானம் பிறந்தது. மறுநாள் எட்டரைக்கு உன் அக்கா, "இந்த ஜாடியை யாருய்யா நகத்தினது?" என்று ஆரம்பித்தாள். நான் எதிர்க்கவில்லை. "ம்" என்று சொல்லி இடுப்பை இடது பக்கம் திருப்பிக்கொண்டேன். "உன்னைத்தான் கேக்கறேன்!" என்றாள். "ம்" என்று வலது பக்கம் திருப்பிக்கொண்டேன். இப்படியே அவள் என்ன சொன்னாலும் நான் வழியனுப்பினேன். எட்டரைச் சண்டை எட்டே முக்காலுக்கு முடிந்தது, பிறகு எட்டு முப்பத்தைந்துக்கு முடிந்தது, பிறகு ஆரம்பிக்கவே இல்லை. வீடு அமைதியாகிவிட்டது. நான் பெரிய படியில் ஏறிவிட்டதாக நினைத்துப் பாங்கிடம் பெருமையடித்தேன். ஒரு நாள் அவள் பூண்டு ஜாடியைத் தானே எடுத்து என் அலமாரிக்குள் வைத்துவிட்டாள். முப்பத்தாறு வருடச் சண்டையில் ஜெயித்துவிட்டேன் என்று அன்றைக்கு இரண்டு கிண்ணம் சாப்பிட்டேன். எனக்கு மூளை எங்கே போயிருந்தது என்று நீ கேட்கலாம்.

மூன்று வாரத்துக்கு முன்னால் அவள் எக்ஸ்ரே உறையோடு வீட்டுக்கு வந்தாள். சாப்பாட்டு மேசையில் அதை எனக்கு எதிரே வைத்தாள்.

"வலது முட்டி போயிருச்சாம். அறுத்து எடுத்துட்டு வேற வைக்கணுமாம். இங்க முடியாது, ஷிஜியாஜுவாங் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகணும்கறாங்க. வெச்சுக்கட்டுமா, வேணாமா?"

"உன் முட்டி. உன் இஷ்டம்" என்றேன்.

"நீ என்னய்யா நினைக்கிற?"

"நான் எதையும் நினைக்கல. வர்றதை வரவிடணும், போறதைப் போகவிடணும்."

அவள் உறையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். பிறகு, "மயக்க மருந்து குடுத்தப்புறம் நான் எழுந்திரிக்காமலே போயிட்டா?" என்றாள்.

நான் எடையை வலது காலுக்கு மாற்றி, இடது காலைக் காலியாக்கி, இடுப்பைத் திருப்பினேன். 'போறதைப் போகவிடணும்' என்று அப்போது இரண்டாம் முறை சொன்னேனா என்பது எனக்குச் சரியாக நினைவில்லை. சொன்னதாக அவள் சொல்லியிருந்தால் சொல்லியிருப்பேன்.

"சரி. நீங்க சாப்பிடுங்க" என்றாள் அவள்.

வெய்மின், அவள் என்னை 'நீங்க' என்று சொன்னது எங்கள் கல்யாணத்தன்று உன் அப்பா முன்னால் ஒரு முறை, அப்புறம் அன்றைக்குத்தான்.

மறுநாள் உன் வீட்டுக்கு வர அவள் பை கட்டினாள். ஒரு பைதான், பத்து நிமிட வேலை. நாற்பது நிமிடம் கட்டினாள். ஒரு மேலங்கியை மூன்று தடவை மடித்தாள், உள்ளே வைத்தாள், வெளியே எடுத்தாள், கதவைப் பார்த்தாள். நான் கூடத்தின் நடுவே மரத்தைக் கட்டிப் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தேன். மூக்கு அரிக்கவில்லை, தொடை நடுங்கவில்லை, எட்டு மாதத்தில் அவ்வளவு நன்றாக நான் நின்றதே இல்லை. அவள் நொண்டிக்கொண்டே படி இறங்கினாள். எங்கள் நிலையத்திலிருந்தே எட்டேகால் வண்டி. புது நேரக் காப்பாளன் விசில் அடித்தது ஜன்னல் வழியாகக் கேட்டது. இரண்டு குட்டை விசில். நான் அடிப்பதைவிட அவன் கொஞ்சம் மெதுவாக அடிக்கிறான். அன்று மத்தியானம் பூண்டு ஜாடியை எடுத்து மறுபடியும் ஜன்னலில் வைத்தேன். கேட்பதற்கு ஆள் இல்லை.

நேற்று உன் மூன்று வரி வந்தது. என்னால் எதிர்ப்பில்லாமல் இருக்க முடிகிறது என்பதை டீச்சருக்குக் காட்டிவிட்டு வரலாம் என்று இன்று விடியற்காலையில் அகழிக் கரைக்குப் போனேன். அங்கே பழக வரும் பாங்கோடு கை தள்ளல். அவர் கையை நீட்டினார், நான் இளகினேன். இன்னும் நீட்டினார், நான் ஓரடி பின்னால் வைத்து இளகினேன். இப்படியே இளகி இளகி அகழிக்குள் இறங்கிவிட்டேன். தொடை வரைக்கும் தண்ணீர், அதற்குக் கீழே சேறு, காதில் ஒரு தாமரை இலை. கரையில் நின்றவர்கள் எல்லோரும் கை தட்டினார்கள்.

"பாங் அண்ணன் உங்களைத் தள்ளவே இல்லியே" என்றாள் டீச்சர்.

"நான்தான் இளகினேன் டீச்சர். எதிர்க்கவே இல்ல பாருங்க!"

"இளகறதுன்னா ஓடறது இல்ல. முட்டிக்கிட்டு நிக்கிறது ஒரு தப்பு. கையை எடுத்துக்கிட்டுப் பின்னால போறது அதைவிடப் பெரிய தப்பு. தொட்ட கை தொட்டபடியே இருக்கணும் அண்ணே. எதிர்ல நிக்கிறவங்களுக்கு எங்க கனக்குது, எங்க பயமா இருக்கு, எல்லாம் அந்தத் தோல் வழியாத்தான் தெரியும். நீங்க தொடறதையே விட்டுட்டீங்க. அப்புறம் உங்களுக்கு என்ன தெரியும்?"

பாங்கால் வாயை மூடிக்கொண்டு இருக்க முடியாது. அவர் தொழில் அப்படி. "வீட்டுலயும் இதேதான் டீச்சர்! ஒரு மாசத்துக்கு மேலா எதிர் வீட்டுல சத்தமே இல்ல. எத்தனை மணின்னு தெரியாம நான் கடைக்கே லேட்டாப் போறேன்."

"அக்கா எங்க?" என்றாள் டீச்சர்.

"தம்பி வீட்ல. முட்டி ஆபரேஷனாம்."

"ஆபரேஷனாமா? நீங்க போகல?"

"முதல்ல அசையறவன் தோக்கறான்னு நீங்கதானே டீச்சர் சொன்னீங்க? அவ கூப்பிடட்டும்னு இருக்கேன்."

அவள் தண்ணீர் விளிம்புவரை இறங்கி வந்தாள். "அண்ணே, நான் பத்தடியில ஓடி வர்றது தெரிஞ்சே விசில் அடிச்சீங்க பாருங்க. இப்பவும் அதையேதான் பண்றீங்க. அப்ப வேகமாப் பண்ணீங்க, இப்ப மெதுவாப் பண்றீங்க. எட்டு மாசத்துல நான் உங்களுக்குச் சொல்லிக் குடுத்தது அவ்வளவுதான் போல" என்றாள். பிறகு முதல் நாள் வாங்கிவைத்த என் கைக்கடிகாரத்தை மேலங்கிப் பையிலிருந்து எடுத்து என் ஈரக் கையில் வைத்துவிட்டுத் தோஃபு விற்கப் போனாள். பாங் என்னைக் கரையேற்றினார். வழியெல்லாம் அவர் பேசிக்கொண்டே வந்தார்.

தோஃபு விற்பவள் சொன்னாள் என்பதற்காக அறுபத்திரண்டு வயதுக்காரன் மனம் மாறிவிடுவானா? நன்றாக யோசித்தேன். நான் வரப்போவதில்லை. நான் வந்து நின்றால் அவள் என்னைப் பார்த்து 'நீங்க' என்பாள், அதைக் கேட்க என்னால் முடியாது. ஆகவே நீயே கையெழுத்துப் போட்டுவிடு. நான் இங்கேயே வேரூன்றி நிற்கிறேன். ஆனால் சில விஷயங்களை மட்டும் தெரிந்துவைத்துக்கொள். அவளுக்கு வலித்தால் வலிக்கவில்லை என்பாள். பசித்தால் பசிக்கவில்லை என்பாள். பயந்தால் மட்டும் மறைக்கத் தெரியாது, சண்டைக்கு வருவாள். அதனால் ஆபரேஷன் அறைக்குப் போகும் முன் உன்னிடம் போர்வை அழுக்கு, செருப்பு சரியில்லை, நீ சின்ன வயதில் அவள் பென்சிலைத் திருடினாய் என்று எதையாவது ஆரம்பிப்பாள். 'ம்' என்று மட்டும் சொல்லிவிடாதே. திருப்பிச் சண்டை போடு. அவள் ஒன்று சொன்னால் நீ ஒன்று சொல். குரலைத் தூக்கு. நர்ஸ் வந்து திட்டினாலும் பரவாயில்லை. நீ அவளுக்கு எதிரே இருக்கிறாய் என்று அவளுக்குத் தெரிய வேண்டும். மயக்க மருந்து கொடுக்கும்வரை கையைப் பிடித்துக்கொள், அவள் உதறுவாள், விட்டுவிடாதே. முழித்ததும் தினைக் கஞ்சி கேட்பாள், கெட்டியாக இருக்கக் கூடாது.

எனக்கு அவளைப் பற்றி வேறு கவலை எதுவும் இல்லை. தோள் தளர்ந்திருக்கிறது, மூச்சு அடிவயிற்றில் இருக்கிறது, மனம் நிலைத்த நீராக இருக்கிறது.

வரும் நிலா விழாவில் உன் வீட்டு மேசையைச் சுற்றி ஒருவர் குறையாமல் உட்காரவும், உன் மனைவியின் கைப்பக்குவத்துக்குக் குறைவு வராமல் இருக்கவும், உன் மாணவர்கள் உன்னைப் பார்த்துப் பயப்படாமல் கொஞ்சம் மரியாதை மட்டும் வைக்கவும் உன் அத்தானின் ஆசிகள். உன் அக்காவிடம் நான் கேட்டதாகச் சொல். கேட்டதாகச் சொல்ல வேண்டாம். உன் இஷ்டம்.

இப்படிக்கு,
அசையாமல் நிற்கும் உன் அத்தான்,
லியன் பாவ்சாய்.

பின்குறிப்பு: வெய்மின், கையெழுத்துப் போடாதே! போட்டுவிட்டாயானால் வேறு படிவம் வாங்கு. இன்று செவ்வாய் இல்லை, புதன். நான் வீட்டில் இல்லை. இந்தக் கடிதத்தைக் காலை எட்டேகால் வண்டியில் உட்கார்ந்து எழுதினேன், எழுத்துக் கோணலுக்கு மணிக்கட்டு காரணமில்லை, நெடுஞ்சாலைதான் காரணம். வினிகர் வாசனைக்குச் சமையலறை காரணமில்லை. வினிகரில் ஊறும் பூண்டு ஜாடி மூன்று மணி நேரமாக என் மடியில் இருக்கிறது, மூடி சரியில்லை, கால்சட்டை முழுக்க நனைந்துவிட்டது. இப்போது உன் குடியிருப்பின் கீழே, சைக்கிள் கொட்டகைக்குப் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறேன். வாயிற்காவலர் இந்தக் கடிதத்தை மேலே கொண்டுவருவார். நானே வந்திருப்பேன், ஆனால் மூன்றாவது மாடி பால்கனியில் அவள் குரல் கேட்டது. உன் மனைவியிடம் போர்வை மடிப்பதைப் பற்றிச் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறாள். அவளுக்கு ரொம்பப் பயமாக இருக்கிறது என்று அர்த்தம். எனக்குக் கால் இரண்டும் காலியாகிவிட்டது, எழுந்திருக்க முடியவில்லை. கொஞ்ச நேரத்தில் சரியாகிவிடும். நீ அவளைப் பால்கனிக்கு வரச் சொல். இந்த ஜாடி ஜன்னலில் இருக்க வேண்டுமா அலமாரிக்குள் இருக்க வேண்டுமா என்று அங்கிருந்தே என்னைப் பார்த்துக் கத்தச் சொல். நான் கீழேயிருந்து கத்துகிறேன். அவள் வரமாட்டேன் என்றால் பரவாயில்லை, நான் ஒரு விசில் அடிப்பேன். இரண்டு குட்டை விசில் இல்லை, ஒரே ஒரு நீள விசில். அதற்கு என்ன அர்த்தம் என்று அவளுக்குத் தெரியும்.